புள்ளிப் பயறும் ஓர் அரபுப் பெயரும்

மேலை நாடுகளில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பிண்டோ பீன்ஸ் புதிதன்று. ராஜ்மாவின் இனத்தைச் சேர்ந்த இப்பயற்றின் இளம்பழுப்புத் தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் படர்ந்திருக்கும். 'பிண்டோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கும் புள்ளி படிந்தது என்பதே பொருள். 'இதன் உணவுகளில் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பார்களே, நாம் உண்ணலாமா?' என்ற ஐயம் நம்மவரிடையே உண்டு. விடை வரலாற்றில் இருக்கிறது.

மெக்சிகோவின் பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்காச்சோளம், பூசணி ஆகியவற்றுடன் இவ்வகைப் பயற்றையும் பயிரிட்டனர். மண்சட்டியில் நீரிட்டு வேகவைத்துச் சோள ரொட்டியுடன் உண்டனர். வளர்ப்புப் பன்றியை அவர்கள் அறியார். 1493இல் கொலம்பஸின் இரண்டாம் பயணத்தில்தான் அது கடல் கடந்தது. 1521இல் மெக்சிகோ ஸ்பானியர் வசமான பின்னரே பயற்றுச் சட்டியில் பன்றிக்கொழுப்பு இடம்பெற்றது. வெந்த பயற்றை மசித்துக் கொழுப்பில் வதக்கும் வழக்கமும் அதன்பின் வேரூன்றியது.

அதே காலத்தில் ஸ்பெயினில் நிகழ்ந்ததையும் நினைவுகூர வேண்டும். 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. பின்னர் முஸ்லிம்கள் பலவந்தமாக மதம் மாற்றப்பட்டனர். 'மொரிஸ்கோ' எனப்பட்ட அவர்கள் பன்றி இறைச்சியைத் தவிர்த்தாலே விசாரணை மன்றத்தின் ஐயத்திற்கு ஆளாயினர். 1609 முதல் 1614 வரை நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டனர்.

மக்கள் போயினர், அவர்களது சொல் நின்றது. அரபியர் காராமணியை 'லூபியா' என்பர். அச்சொல்லே ஸ்பானியத்தில் 'அலூபியா' ஆகி, அமெரிக்காவிலிருந்து வந்த புதிய பயற்றுக்கும் பெயராயிற்று. புள்ளிப் பயறு அங்கே இன்றும் 'அலூபியா பிண்டா' எனப்படுகிறது.

ஆகவே, பயற்றில் குறையில்லை. பின்னர் சேர்ந்த கொழுப்பையே நாம் விலக்க வேண்டும். மசித்து டின்னில் அடைத்து விற்பதை வாங்குமுன் 'லார்ட்' என்ற சொல் உள்ளதா எனப் பாருங்கள், உணவகங்களில் கேட்டறியுங்கள். வீட்டில் செய்வது எளிது. இரவு ஊறவைத்து, அந்நீரை வடித்துவிட்டு, புதுநீரில் வெங்காயமும் பூண்டும் இட்டு நன்கு வேகவிடுங்கள். பின்னர் மசித்து, எண்ணெயில் சீரகம் தாளித்து வதக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் ரொட்டிக்கு ஏற்ற உணவாகும். இது பிறர் உணவை நமக்காக மாற்றிக்கொள்வதன்று. பன்றிக்கொழுப்பு கலவாத அதன் பழைய இயல்பிற்குத் திரும்புவதே ஆகும்.