அங்கன்வாடித் தராசு

போன மாசம் ஓசூர்ல இருந்து பேரன் வந்திருந்தான். நாலு வயசு. கொழுகொழுன்னு இருக்கான்னு பாட்டிக்கு ஒரே பெருமை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட சேர்ந்து அங்கன்வாடிக்கு விளையாடப் போனவனை, டீச்சரம்மா எடை போட்டு உயரமும் பார்த்திருக்காங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எடை குறைவு, எங்க பேரனுக்கு அதிகம். "ரெண்டுமே கவனிக்க வேண்டியதுதாங்க" என்றார். எனக்குச் சுருக்குன்னு இருந்தது.

அந்தத் தராசுக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கு. 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. 1956-ல் காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதுதான் அன்றைய கணக்கு.

1980-ல் உலக வங்கிக் கடனில் இன்னொரு திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். எடை தேறியதும் நிறுத்திக்கொண்டார்கள். 1982 ஜூலை 1-ல் திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு வேறு வழி. எடை பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் சோறு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வாரம் ஐந்தானது.

எங்க அப்பா காலத்துல காரிமங்கலம் பக்கம் மானாவாரி நிலத்தில் கேவுரும் சாமையும்தான். தினம் களி. அரிசிச் சோறு பண்டிகைக்குத்தான். அதனால் பள்ளியில் கிடைத்த சோறு எங்களுக்குப் பெரிய விஷயம். 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசமாச்சு. பசி போனது உண்மை. அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவனாவேன். ஆனா களி கிண்டுற வீடும் குறைஞ்சு போச்சு. 100 கிராம் கேவுரில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அது பேருக்குத்தான். 2023 மே மாதம் முதல் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்கிறார்கள். போனதைத் திரும்பக் கூப்பிடுகிற முயற்சி.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்க. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை. 22 பேர் எடை குறைவு. உயரத்துக்கு மீறிய எடை 4.3 பேருக்கு. சின்ன எண்தான். ஆனா அதே ஆய்வில் பெரிய பெண்களில் 100-க்கு 40 பேருக்கு எடை அதிகம். 2015-16-ல் அது 31. பிள்ளைகள் எங்கே போய்ச் சேருவார்கள் என்பது அதில் தெரியுது.

சத்துணவுதான் குண்டாக்குதுன்னு சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்கமாட்டேன். அங்கே அளவு உண்டு, பருப்பு உண்டு, முட்டை உண்டு. அளவில்லாதது வீட்டிலும் பெட்டிக்கடையிலும்தான். அரசாங்கம் ஒரு வேளையைப் பார்த்துக்கொள்ளலாம். மிச்ச வேளை நம்ம கையில்தானே இருக்கு?

எங்க வீட்டையே எடுத்துக்குங்க. சந்தைக்குப் போய் வரும்போதெல்லாம் பேரனுக்கு மிக்சரும் கிரீம் பிஸ்கட்டும் வாங்கிட்டு வந்தது நான்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தேன். அவளுக்கு வேண்டியதும் அது இல்லை.

இந்த வாரம் சந்தையில் நிலக்கடலை வாங்கி வந்தேன்.