ஐந்து கிலோ நாய்க்கு ஏழு மாதக் கணக்கு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

ஒரகடத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் என் பழைய மாணவி போன வாரம் போன் செய்தாள். அவளுடைய ஜப்பானிய மேலாளர் ஆறு வாரத்தில் குடும்பத்தோடு ஊர் திரும்ப வேண்டுமாம். வீட்டில் சென்னையில் வாங்கி வளர்த்த குட்டி நாய் ஒன்று, ஐந்து கிலோகூட இராது. "கூடையில் வைத்து விமானத்தில் கொண்டுபோக ஏழு மாதம் ஆகுமாம் சார், இது என்ன அநியாயம்?" என்றாள். அநியாயம் இல்லையம்மா, வரலாறு என்றேன். போனில் பாதிதான் சொன்னேன். மீதி இங்கே.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உருவானபோது நம் பக்கம் கொரியர்கள் வந்தார்கள். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்தபின் ஜப்பானியரும் கூடினார்கள். வந்தவர்கள் நாய் வளர்த்தார்கள். திரும்பும்போதுதான் சிக்கல். காரணம் வெறிநாய்க்கடி நோய்.

பாஸ்டர் 1885இல் பாரிஸில் ஒரு சிறுவனுக்கு முதல் தடுப்பூசி போட்டார். நம் நாட்டில் 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் சிகிச்சை தொடங்கியது. தெற்கே நாய் கடித்தால் அவ்வளவு தூரம் ரயிலில் போக வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் இந்நோயால் இறந்தார். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த ஒரு லட்சம் ரூபாயின் உதவியால் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது. ஆட்டு மூளையில் தயாரித்த மருந்தைத் தொப்புளைச் சுற்றி 14 ஊசியாகப் போடுவார்களே, அந்தப் பயம் என் வயதுக்காரர்களுக்கு இன்னும் போகவில்லை.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1950இல் சட்டம் போட்டு ஒவ்வொரு நாயையும் பதிவு செய்தது, கட்டாயத் தடுப்பூசி போட்டது, தெருநாய்களைப் பிடித்தது. 1957க்குப் பிறகு அந்த மண்ணில் இந்நோய் பரவவே இல்லை. 2006இல் அங்கே இறந்த இருவரும் பிலிப்பைன்ஸில் கடிபட்டு வந்தவர்கள். இங்கோ இன்றும் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சாகிறோம். கதவில் அவர்கள் காவல் வைப்பதில் எனக்கு வருத்தமில்லை.

கணக்கு இதுதான். முதலில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப். பிறகு ஓர் ஊசி, 30 நாள் கழித்து இன்னொன்று. பின் ரத்தம் எடுத்து, ஜப்பான் ஏற்றுக்கொண்ட ஆய்வகத்தில் எதிர்ப்புச்சக்தி 0.5 அலகாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. நோய்க்கிருமி உடம்பில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும் என்பதால் இது. முன்னதாகவே போனால், மீதி நாளை அங்கே அரசின் கூண்டில், சொந்தச் செலவில் கழிக்க வேண்டும்.

மேலாளர் வீட்டு நாய்க்கு வருடா வருடம் ஊசி போட்டிருந்தார்கள், ஆனால் சிப் இல்லை. எந்த நாய்க்குப் போட்ட ஊசி என்று நிரூபிக்க முடியாததால் எல்லாம் வீண். அந்த வீட்டுச் சின்னப்பெண் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். ஏழு மாதம் நாயைத் தானே வைத்துக்கொள்வதாக மாணவி சொல்லிவிட்டாள். நேற்று சிப்பும் முதல் ஊசியும் முடிந்தன.

அந்தத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்க்கும் மற்ற பிள்ளைகளே, உங்கள் அதிகாரி நாய் வாங்கினால் அன்றைக்கே சிப்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.