துறைமுகம் வாய்க்காத துறைமுக நகரம்: புதுச்சேரியின் கடலும் ஆலைகளும்

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. 1674-இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் வாணிபத்தை வேரூன்றச் செய்த காலத்திலும் சரி, அதற்குப் பின் நெடுங்காலமும் சரி, கப்பல்கள் கரைக்கு வரவில்லை; தள்ளி நின்று நங்கூரமிட்டன. இந்தக் குறைதான் ஊரின் தொழிலையும் கடற்கரையையும் உருவாக்கியது என்பது இக்கட்டுரையின் கருத்து. வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களோடு நின்றுவிடும் வரலாறு, அந்தக் கரையில் பாடுபட்டவர்களை விட்டுவிடுகிறது.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடியது சலங்கு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது; ஆணி கிடையாது. அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த பலகையோ வளைந்து கொடுத்து அடியைத் தாங்கும். பெரிய அலைகள் போய்ச் சற்றே தணியும் கணம் பார்த்துத் துடுப்பு வலிக்க வேண்டும். அந்தக் கணிப்பு கரையோர மக்களின் கையில் இருந்தது. துய்ப்ளேக்ஸ் இங்கே பிரெஞ்சு ஆளுநராயிருந்தபோதும் ஒரு பொதி துணிகூட அவர்கள் தயவின்றிக் கப்பலேறவில்லை.

அந்தத் துணி போய்ச் சேர்ந்த இடங்களுள் முக்கியமானது பிரான்சின் லோரியான். 1666-இல் கீழைநாட்டு வாணிபத்துக்கென்றே பிரெஞ்சுக் கம்பெனி எழுப்பிய கப்பல் கட்டும் துறை அது. பின்னாளில் கம்பெனிச் சரக்குகள் ஏலம் போன ஊரும் அதுவே. துய்ப்ளேக்சின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வரவு எவ்வளவு பெரிய செய்தி என்பதைப் படிப்பவர் உணரலாம். காஞ்சிபுரம் பக்கத்துப் பட்டுத்தறிகள் கோயிலையும் கல்யாண வீட்டையும் நம்பியவை. புதுச்சேரிக்கு வந்த பருத்தித் துணியோ கப்பலை நம்பியது. ஐரோப்பாவில் போர் மூண்டால் இங்கே தறி நின்றது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அந்த வாணிபமும் முறிந்தது.

பிரெஞ்சுக்காரர் கைக்கு ஊர் திரும்பவும் வந்த பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் வாணிபம் வேறு உருவெடுத்தது. அவுரியில் தோய்த்த நீலத்துணி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போயிற்று. அங்கே அதைக் கொடுத்துக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். இந்தச் சந்தையை நம்பித்தான் 1820-களின் இறுதியில் இயந்திர நூற்பாலை வந்தது. சவானா ஆலை என்று பெயர் பெற்று, பிற்காலத்தில் சுதேசி ஆலை ஆனது அதுதான். 1892-இல் கெப்லே ஆலை (பின்னர் பாரதி ஆலை), 1898-இல் முதலியார்பேட்டையில் மக்கள் வாயில் ரோடியர் என்று நிலைத்துவிட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை. ஆலைச் சங்கு ஊதும் நேரம்தான் பல தெருக்களுக்குப் பொழுது விடியும் நேரம்.

1836-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1866-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் எழுந்தது; 1879-இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது. தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை மூட்டைகள் பிரான்சின் மார்செய்க்கு எண்ணெய் ஆட்டப் போயின. இன்று மாலை நடை போகும் கடற்கரைச் சாலையை ஒட்டியே இவ்வளவு சுமையும் ஏறி இறங்கியது. செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்களும் காந்தி சிலையும் இருக்கும் இடத்தில் ஒளிப்படம் எடுத்துக்கொள்பவர்களுக்கு இதைச் சொல்ல அங்கே யாருமில்லை. பழைய பாலத்தை 1952 புயல் கொண்டுபோய்விட்டது.

1936-ஐ இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஜூன் மாதம் பாரீசில் லெயோன் ப்ளூமின் மக்கள் முன்னணி அரசு தொழிலாளருக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பையும் 40 மணி நேர வாரத்தையும் சட்டமாக்கியது. பிரெஞ்சு ஆலைத் தொழிலாளர் பலர் அந்தக் கோடையில்தான் குடும்பத்தோடு முதன்முதலாகக் கடல் பார்த்தார்கள். அதே அரசின் கொடி பறந்த புதுச்சேரியில், தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்று நடத்திய இயக்கத்தில் ஆலைத் தொழிலாளர் 8 மணி நேர வேலை கேட்டார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தனர். உரிமை கடலைத் தாண்டி வரும் வேகத்துக்கும் தோட்டா வந்த வேகத்துக்கும் இடையிலிருந்த தூரம் அது. 1937-இல்தான் 8 மணி நேர வேலை இங்கே ஆணையாயிற்று. பிரெஞ்சுத் தேசிய நாளான 14 ஜூலை விழாவை அறிந்திருக்கும் சுற்றுலாப் பயணி 30 ஜூலையையும் அறிந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் தொழிலாளர் சங்கங்கள் அந்தத் தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்துகின்றன.

1954 நவம்பர் 1-இல் ஊரின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவேறியது. அதற்குப் பின் ஆலைகள் அரசு நிறுவனங்களாகி, நலிந்து, 2020-இல் மூடப்பட்டன.

துறைமுக ஆசை மட்டும் ஓயவில்லை. 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் கல் கொட்டி இரண்டு அலைத்தடுப்புகள் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அந்த ஓட்டத்தைத் தடுப்புகள் மறித்தன. தெற்கே மணல் மேடு குவிய, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்தே போயிற்று. சாலையைக் காக்கப் பாறைகளை அடுக்கினார்கள். பாறைச் சுவர் முடிந்த இடத்திலிருந்து அரிப்பு இன்னும் வடக்கே போனது. வைத்திக்குப்பம், சோலை நகர், தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம் என்று ஊர் ஊராய்க் கடல் ஏறியது. 2018-இல் தலைமைச் செயலகம் எதிரே தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை இறக்கினார்கள். அதன் அருகே மணல் மறுபடி சேர்ந்தது. உலாவ வருபவர்க்கு அந்த மணல் ஒரு மாலைப் பொழுது. வடக்குக் குப்பங்களின் மீனவருக்கோ மணல் என்பது படகு ஏற்றும் இடம், வலை உலர்த்தும் இடம், மீனைக் கூறு போட்டு விற்கும் இடம். இனி எந்தத் தடுப்பு கட்டினாலும் கணக்கு அவர்கள் கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.