தைத்த கப்பலும் செப்பனிட்ட கைகளும்

கடல் கடந்த முஸ்லிம்களின் வரலாற்றைப் படிக்கும்போது நம் கண் முதலில் செல்வது மாலுமிகளின்மீதுதான். விண்மீனைப் பார்த்து வழி கண்டவர்கள், காற்றின் போக்கறிந்து பாய் விரித்தவர்கள், தொலைதூரத் துறைமுகங்களில் வாணிபம் நடத்தியவர்கள் ஆகியோரைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். ஆனால் அவர்களைச் சுமந்து சென்ற மரக்கலம் ஆறு மாதம், எட்டு மாதம் உப்புநீரில் கிடந்தும் எவ்வாறு உருக்குலையாமல் இருந்தது? இடைவழியில் பலகை பிளந்தபோது அதை அடைத்தவர் யார்? கயிறு நைந்தபோது மாற்றியவர் யார்? இவ்வினாக்களை நாம் எழுப்புவது அரிது. கப்பலைச் செலுத்திய அறிவுக்குத் தந்த மதிப்பைக் கப்பலைக் காத்த அறிவுக்கு வரலாறு தரவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நூஹ் நபி (அலை) அவர்களின் மரக்கலத்தைப் பற்றிக் கூறுமிடத்துத் திருமறையின் 'அல்கமர்' அத்தியாயம் பலகைகளோடு 'துஸுர்' என்னும் சொல்லையும் சேர்த்துச் சொல்கிறது. விரிவுரையாளர்களில் பெரும்பாலோர் அச்சொல்லுக்கு ஆணிகள் என்றே பொருள் கொண்டனர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்னும் பொருளையும் அரபு அகராதிகள் அதற்குத் தருகின்றன. ஆணி அறைந்த கப்பல், கயிற்றால் தைத்த கப்பல் ஆகிய இரண்டையும் அரபுலகம் அறிந்திருந்தது. மத்தியதரைக் கடலில் ஆணி ஆட்சி செலுத்தியது; இந்துமாக்கடலின் மேற்குப் பகுதியிலோ நெடுங்காலம் கயிறே கோலோச்சியது.

தைத்த கப்பலைத் தெளிவாக நமக்குக் காட்டுபவர் இப்னு ஜுபைர். ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அவர், ஹிஜ்ரி 579இல், அதாவது கி.பி. 1183இல், செங்கடலின் மேற்குக் கரையிலுள்ள ஐதாப் துறையை அடைந்தார். ஜித்தாவுக்குச் செல்லும் 'ஜிலாப்' என்னும் கலங்கள் எவ்வாறு கட்டப்படுகின்றன என்பதை அங்கே கூர்ந்து நோக்கி எழுதினார். தேங்காய் மட்டையை அடித்து நாராக்கி, அந்நாரைத் திரித்துக் கயிறாக்கிப் பலகைகளைத் தைத்தார்கள். இடுக்குகளைப் பேரீச்ச மரச் சிம்புகளால் அடைத்தார்கள். இறுதியாக நெய்யையோ ஆமணக்கெண்ணெயையோ சுறா எண்ணெயையோ பூசினார்கள். இவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது. பவளப் பாறைகள் மலிந்த அக்கடலில் மரம் விறைத்துப் போகாமல் இளக்கமாய் இருக்க வேண்டும் என்பதே எண்ணெய் பூசியதன் நோக்கம். மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தன.

அதே இப்னு ஜுபைர் அக்கப்பல்களின் உரிமையாளர்களைக் கடுமையாகச் சாடவும் தவறவில்லை. ஒரே பயணத்தில் கப்பலின் விலையை ஈட்டிவிட வேண்டும் என்னும் பேராசையால் ஹாஜிகளைக் கோழிக் கூண்டில் அடைப்பதுபோல் அடைத்தனர் என்றும், அதன்பின் கப்பல் என்னவானால் என்ன என்று இருந்தனர் என்றும் அவர் வருந்துகிறார். இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தையலிலோ எண்ணெயிலோ அவர் குறை காணவில்லை. ஒரு பயணத்தோடு முடிந்துவிடும் பொருளாகக் கப்பலைக் கருதிய மனத்தையே அவர் குறை கண்டார். கப்பலைப் பேணுவது ஏறியவர்களின் உயிரைப் பேணுவதாகும். அது ஓர் அமானிதம். அவ்வமானிதம் ஐதாபில் பாழ்பட்டது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப்பின் ஹுர்முஸ் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, ஆணியின்றித் தைத்த கப்பல்கள் இழிவானவை என்றும், அவற்றுள் பல கடலில் அழிகின்றன என்றும் எழுதினார். பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவில் வாழ்ந்த இப்னு பதூதாவோ வேறு சொன்னார். ஆணி அறைந்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். கயிற்றால் தைத்ததோ நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் கூற்று. இவ்விருவரில் யார் சொல்வது உண்மை? இருவர் சொல்வதும் உண்மையே என்பது நம் கருத்து. தைத்த கப்பலுக்குக் கசிவு உடன்பிறந்தது. உள்ளே ஊறும் நீரை நாள்தோறும் இறைக்க வேண்டும். கயிற்றுக்கு எண்ணெய் காட்ட வேண்டும். காலந்தோறும் தையலைப் புதுப்பிக்க வேண்டும். கவனிப்பாரற்ற தைத்த கப்பல் மார்க்கோ போலோவுக்குச் சான்றாகும். கவனிப்புள்ளது இப்னு பதூதாவுக்குச் சான்றாகும்.

இதனினும் பெரிய நன்மை ஒன்று அக்கப்பலுக்கு உண்டு. ஒரு பலகை பழுதுபட்டால் அதன் தையலை மட்டும் பிரித்து, வேறு பலகை வைத்து, மீண்டும் தைத்துவிடலாம். அதற்கு உலைக்களமும் வேண்டியதில்லை, இரும்பும் வேண்டியதில்லை. தென்னை உள்ள கரை எதுவாயினும் அது பட்டறையாகும். பத்தாம் நூற்றாண்டில் ஸீராஃபைச் சேர்ந்த அபூ ஸைத் தரும் செய்தி இதற்குத் தக்க சான்று. ஒமான் நாட்டார் தச்சுக் கருவிகளை எடுத்துக்கொண்டு தென்னை வளரும் தீவுகளுக்குச் செல்வார்கள். மரத்தை வெட்டி உலர்த்திப் பலகையாக்குவார்கள். நாரைத் திரித்துத் தைப்பார்கள். அம்மரத்தையே பாய்மரமாக நிறுத்தி, ஓலையைப் பாயாக முடைவார்கள். இறுதியில் தேங்காயையே சரக்காக ஏற்றித் திரும்புவார்கள். பழுது பார்க்கும் பொருளும் வாணிபப் பொருளும் ஒரே மரத்திலிருந்து கிடைத்தன.

காலமும் இப்பணிக்குத் துணை நின்றது. வடகிழக்குப் பருவக்காற்றில் அரபுக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவுக்குச் சென்ற கப்பல், தென்மேற்குக் காற்று தொடங்கும்வரை திரும்ப இயலாது. அக்காற்று முற்றிவிட்டாலோ சூன் முதல் ஆகஸ்டுவரை மலையாளக் கரைத் துறைகள் அடைபட்டுக் கிடக்கும். காற்றுக்காகக் காத்திருந்த அவ்வாரங்களை வீணான காலம் என்று எண்ணுவது தவறு. கப்பலைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, மரத்தைத் துளைக்கும் புழுவைப் புகையூட்டி அழித்து, பாயைத் தைத்து முடிக்க அக்காலமே பயன்பட்டது. பயணத்தின் இடையே பழுதுபார்ப்பு நுழைந்தது என்பதைவிட, பழுதுபார்ப்பையும் சேர்த்தே பயணம் வகுக்கப்பட்டது என்பது பொருந்தும்.

அப்பணியைச் செய்த கைகள் யாருடையவை? ஹிஜ்ரி 895இல் தம் பெருநூலான 'கிதாபுல் ஃபவாயித்'தை எழுதிய அஹ்மது இப்னு மாஜித், முஅல்லிம் எனப்படும் வழிகாட்டிக்குக் கூறும் அறிவுரைகளுள் ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. கப்பல் கரையில் இருக்கும்போதே அதை நன்கு ஆராய்ந்து, அதன் குறைகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர். விண்மீன் கலையில் கரை கண்டவர் கப்பலின் அடிப்பலகையையும் மறக்கவில்லை.

அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபஸ்ல், 'ஆயினே அக்பரி'யில் கப்பற் பணியாளரைப் பன்னிரு வகையாகப் பகுக்கிறார். நாகுதா, முஅல்லிம், தண்டேல் எனத் தொடங்கும் அவ்வரிசையின் பிற்பகுதியில், கசிந்த நீரை இறைப்பதற்கென்றே ஒரு வகையினர் இடம்பெறுகின்றனர். பாய் விரித்துச் சுருட்டும் சாதாரணக் கடலோடிகளில் சிலர் கடலில் மூழ்கிக் கப்பலின் ஓட்டைகளை அடைப்பார்கள். சிக்கிய நங்கூரத்தை விடுவிப்பார்கள். ஓடும் கப்பலின் அடியில் மூச்சடக்கி வேலை செய்த அம்மனிதர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் அவர்களுடைய உலகின் சொற்கள் நம் மொழியில் வாழ்கின்றன. முஅல்லிம் நம்மிடம் 'மாலுமி' ஆனார். அரபியின் 'ஸுக்கான்' நம் 'சுக்கான்' ஆயிற்று.

இம்மரபின் பிற்காலக் காட்சியை ஆஸ்திரேலியரான ஆலன் வில்லியர்ஸ் வரைந்துள்ளார். 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் குவைத்துக் கப்பல் ஒன்றில் ஏறி, ஆப்பிரிக்காவின் ருஃபிஜிக் கழிமுகம்வரை சென்று, 1939இல் குவைத்துக்குத் திரும்பியவர் அவர். அலீ பின் நாஸிர் அந்நஜ்தீ என்பவர் அக்கப்பலின் நாகுதா. அக்காலத்தில் ஆணியே வழக்கில் வந்துவிட்டது. ஆனால் பேணும் முறை மாறவில்லை. கடல் வற்றும் வேளையில் கப்பலைக் கரையில் சாய்த்து, அடிப்பக்கத்தைத் துப்புரவாக்கி, கொழுப்பும் சுண்ணாம்பும் குழைத்த பூச்சைக் கையாலேயே பூசினார்கள். தச்சர் ஓய்ந்திருந்தாரா எனின், இல்லை. பயணிகள் நெருங்கி அமர்ந்திருந்த அதே மேற்றளத்தில், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் ஒரு புதிய படகைக் கட்டினார்!

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இக்கப்பல்களில் டீசல் இயந்திரம் புகுந்தது. காற்றுக்காகக் காத்திருக்கும் தேவை நீங்கிற்று. பயணக் காலம் குறைந்தது. இது பெரும் நன்மையே. ஆனால் பேணும் தொழில் வேறொன்றாயிற்று. எரிபொருளில் நீர் கலந்தால் இயந்திரம் நின்றுவிடும். ஆகவே வடிகட்டியை ஓயாது கவனிக்க வேண்டும். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரோட்டம் தடைப்படலாகாது. சுழல்தண்டு வெளியேறும் துளை வழியே கடல்நீர் உட்புகாமல் காக்க வேண்டும். வெவ்வேறு உலோகங்கள் கடல்நீரில் சேர்ந்திருந்தால் ஒன்று அரிபடும். அவ்வரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்தி, அவை கரைந்ததும் மாற்ற வேண்டும். இன்று இயந்திர உல்லாசக் கலங்களில் மாதக் கணக்கில் கடல் சுற்றும் செல்வர்க்கும் இதே பாடுதான். நீரை இறைத்தவனும் மூழ்கி அடைத்தவனும் பெற்றிருந்த அதே விழிப்பு இவர்களுக்கும் வேண்டும். வேறுபாடு ஒன்றே: தென்னந்தீவில் எதையும் செய்துகொள்ள முடிந்தது, இயந்திரத்தின் சிறு உறுப்பு ஒன்று முறிந்தாலோ, அது தொலைநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து வரும்வரை துறைமுகத்தில் கிடக்க வேண்டும்.

பழைய கலை அழிந்தே போயிற்றா? 1980இல் ஒமானின் ஸூர் நகரில் டிம் செவரின் என்பவர் ஏறத்தாழ 80 அடி நீளமுள்ள 'ஸுஹார்' என்னும் கப்பலை ஆணியின்றிக் கட்ட முனைந்தபோது, பெருங்கப்பல் தைக்கும் தொழில் அந்நாட்டில் வழக்கொழிந்திருந்தது. மரம் மலையாளக் கரையிலிருந்து வந்தது. தைக்கத் தெரிந்தவர்களை இலட்சத்தீவிலிருந்து அழைத்துவர நேர்ந்தது. 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அக்கப்பல் 1981 சூலையில் சீனத்தின் கான்டன் துறையை அடைந்தது. இலங்கைக்கும் சுமத்திராவுக்கும் இடையே பாயைத் தாங்கும் பெரிய குறுக்குமரம் முறிந்தது. கரை தென்படாத கடலில், கையிலிருந்ததைக் கொண்டே சமாளித்து அவர்கள் சுமத்திராவைப் பிடித்தார்கள். 2010இல் மஸ்கட்டிலிருந்து சிங்கப்பூர் சென்ற 'மஸ்கட் மாணிக்கம்' என்னும் தைத்த கப்பலுக்கும் இலங்கையின் காலித் துறையில் பாய்மரங்களை மாற்ற வேண்டியிருந்தது. இரு கப்பல்களும் பழுதடைந்தன. இரண்டும் செப்பனிடப்பட்டுக் கரை சேர்ந்தன. முன்னோர் கப்பல்களும் அவ்வாறே கரை சேர்ந்திருக்கும்.

ஸுஹாரைத் தைத்த இலட்சத்தீவினர் முஸ்லிம்கள். அவர்கள் கையில் இருந்த கலை எந்த நூலிலும் இல்லை. தந்தை மகனுக்குக் கைபிடித்துக் காட்டியது. அத்தீவுகளில் அன்று அதை அறிந்தவர் எவரும் எஞ்சியிராவிட்டால், இப்னு ஜுபைரின் வருணனையை எத்தனை முறை படித்தும் அக்கப்பலைக் கட்டியிருக்க முடியாது. நம் கடற்கரை ஊர்களிலும் பாய்த்தோணியில் சென்றவர்கள், பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கீல் பூசியவர்கள், பாய் தைத்தவர்கள் ஆகியோரில் முதியோர் சிலர் இன்னும் இருக்கக்கூடும். கப்பல் கரையில் இருக்கும்போதே அதன் குறைகளை எழுதி வைக்கச் சொன்னார் இப்னு மாஜித். அம்முதியோர் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி வைத்தல் நம் கடமையாகும்.