குடி நின்ற பிறகு இதயம்: சங்கராபுரம், கல்வராயன் மலை வட்டாரத்தை முன்வைத்து

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த மாத இறுதிக்குள் தண்டனைகளைக் கடுமையாக்கும் மதுவிலக்குச் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இதே மாவட்டத்தின் சங்கராபுரமும் மலை ஊர்களும் செய்தியில் வருவதென்றால் ஊறல் அழிப்பும் கைதும்தான் என்ற பழைய வழக்கம் இதனால் இன்னும் இறுகியது. விஷச் சாராயம் ஒரே இரவில் கொல்வதால் கண்ணில் படுகிறது. குடியை விட்டவர் ஆறாம் நாளோ ஆறாம் ஆண்டோ மாரடைப்பில் சாய்ந்தால் அதை யாரும் குடியின் கணக்கில் எழுதுவதில்லை. குடிமீட்சி என்பது முதலில் ஓர் இதய சிகிச்சை. இவ்வட்டாரத்தில் அது நேர்த்திக்கடனாகவும் காவல்துறை வேலையாகவும் மட்டுமே நடத்தப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நம் ஊர்களில் குடியை விடும் முறை பெரும்பாலும் சாமி வழியாகவே அமைகிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார்கள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும் நிறுத்துவார்கள். கார்த்திகையில் மாலை போடுவார்கள். இந்த உறுதியை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. மருத்துவமனை தராத ஒன்றை, ஊரார் முன்னிலையில் கொடுத்த வாக்கை, அது தருகிறது. சிக்கல் நிறுத்துகிற வேகத்தில் இருக்கிறது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவரின் நரம்பு மண்டலம் மதுவின் மந்தப்படுத்தும் விளைவுக்கு எதிராக இழுத்துப் பிடித்தே பழகியிருக்கும். மது திடீரென விலகினால் அந்த இழுவிசைக்கு எதிர்ப்பில்லாமல் போகிறது. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை சிலருக்குச் சித்தப்பிரமை தலைகாட்டும். இந்த நாட்களில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறி நிற்கும். வாந்தியாலும் அரைப்பட்டினியாலும் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்திருந்தால் இதயத்தின் மின்னோட்டமே தடுமாறும். விரதத்தின் முதல் வாரத்தில் நெஞ்சு அடைக்கிறது என்பவருக்கு வீட்டார் வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்கிறார்கள். நாடி பார்க்க வேண்டிய நேரம் அது.

அரிசிச் சோற்றை நம்பி வாழும் பகுதியில் இதற்கு இன்னொரு அடுக்கும் உண்டு. தீட்டிய அரிசியில் தயமின் எனும் வைட்டமின் குறைவு. குடி அதை மேலும் வற்ற வைக்கிறது. தயமின் தீர்ந்த இதயம் வீங்கி, கால் நீர் கோத்து, மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவருக்குத் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலை மோசமாகலாம். சோர்ந்து கிடந்தால் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளும் நம் பழக்கத்தை நினைத்தால் இந்தச் சிறிய விதி பெரிதாகிறது. கலப்படத்துக்கும் இதயத்துக்கும் உள்ள உறவும் புதிதல்ல. 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில், நுரை நிற்பதற்காகக் கோபால்ட் சேர்த்த பீரைக் குடித்தவர்களிடையே 48 பேர் இதயத்தசை நோய்க்கு ஆளாகி 20 பேர் இறந்தனர். அது உரிமம் பெற்ற ஆலையில் தயாரான பீர் என்பதையும் கவனிக்க வேண்டும்.

குடியை நிறுத்துவதற்காகக் குடிப்பவருக்குத் தெரியாமல் வீட்டார் சாப்பாட்டில் கலக்கும் மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அது டைசல்பிரம். 1948இல் டென்மார்க்கில் அறிமுகமான இம்மருந்து உடலில் இருக்கும்போது மது சேர்ந்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயத்துடிப்பு தறிகெடும், மாரடைப்பும் நேரலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து தங்கும். எனவேதான் நோயாளியின் முழு அறிவுடன் அல்லாமல் தரக்கூடாது, கடுமையான இதய நோய் உள்ளவருக்குத் தரவே கூடாது என்பது இம்மருந்துக்கான அடிப்படை எச்சரிக்கை. அடி வாங்கி, தாலியை அடகு வைத்துத் தளர்ந்துபோன மனைவி அதைக் குழம்பில் கலந்தால் அவரைக் குற்றவாளியாக்க நான் தயாரில்லை. ஈசிஜி எடுக்காமல், குடிப்பவரைப் பார்க்காமலேயே அதை விற்கிறவர்களை அப்படி விட்டுவிட முடியாது.

நடைமுறையில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி பீடியும் ஹான்ஸ் எனும் வாய்ப்புகையிலையும்தான். "சாராயத்தையே விட்டுட்டான், பீடியாவது பிடிச்சிட்டுப் போகட்டும்" என்று வீட்டில் சலுகை கொடுக்கிறார்கள். குடிநோயாளர் குழுக்களிலும் உலகெங்கும் இதே சலுகை நெடுங்காலம் நிலவியது. அதன் விலையை அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஆய்வொன்று 1996இல் கணக்கிட்டது. போதைச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் இறந்தவர்கள் 222 பேர். அவர்களில் இறப்புக்கான காரணம் தெரிந்தவர்களுள் 50.9 விழுக்காட்டினர் புகையிலை தொடர்பான காரணங்களாலும் 34.1 விழுக்காட்டினர் மது தொடர்பான காரணங்களாலும் இறந்தனர். ஒரு பழக்கத்திலிருந்து காப்பாற்றி இன்னொன்றிடம் ஒப்படைத்ததே அங்கு நடந்தது.

அப்படியானால் குடியை விடுவதே ஆபத்து என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். நாளுக்கு ஆறு அளவுக்கு மேல் குடிப்பவர் அதைப் பாதியாகக் குறைத்தாலே மேல் அழுத்தம் சராசரியாக 5.5 புள்ளி இறங்குவதாக 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. துடிப்பு ஒழுங்கின்மை கொண்ட 140 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 2020இல் வெளியான சோதனையில், மதுவை நிறுத்தச் சொன்ன குழுவில் 53 விழுக்காட்டினருக்கும் வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. மதுவால் விரிந்து தளர்ந்த இதயத்தசைகூடப் பலருக்குக் குடி நின்றபின் வலு மீள்கிறது. நாட்டுச் சாராயம் உடம்புச் சூட்டுக்கு நல்லது, மலைக்குளிருக்குத் தேவை என்ற பேச்சுக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை.

குடியை விடுபவரின் இதயத்தைக் காக்கப் புதிய கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக இரத்த அழுத்தக் கருவி வீட்டுவாசலுக்கே வருகிறது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்திருக்கிறது. 2022 முதல் கள்ளக்குறிச்சியில் மருத்துவக் கல்லூரியும் உண்டு. கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து நெஞ்சுவலியோடு இறங்குபவருக்கு மலைப்பாதையே நேரத்தைத் தின்றுவிடும் என்பதால், தடுப்பு மேலேயே தொடங்க வேண்டும். வீடு தேடி வரும் செவிலியர் அழுத்தம் பார்த்த கையோடு இரண்டு கேள்விகள் கேட்கலாம்: கடைசியாக எப்போது குடித்தீர்கள்? பீடியோ ஹான்ஸோ உண்டா? மாலை போடும் மாதத்திலும் காப்புக் கட்டும் வாரத்திலும் கோயில் பூசாரியையும் குருசாமியையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். தினமும் குடித்தவர் கயிறு கட்டுவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ஈசிஜி, தயமின், தேவையானால் நடுக்கத்தை அடக்கும் மாத்திரைகளுடன் ஒரு வாரக் கண்காணிப்பு என்று ஏற்பாடு செய்யலாம். விரதம் தொடங்கும் நாளைத் தெரிந்துகொள்ளப் பூசாரியையும் குருசாமியையும்விட நல்ல வழி சுகாதாரத் துறைக்கு இல்லை.