ஆக்சிஜனும் நோய் எதிர்ப்புச் செல்களின் வளர்ச்சியும்

மனித நோய் எதிர்ப்புச் செல்கள் உருவாகி முதிரும் விதத்தை, அவற்றைச் சூழ்ந்த திசுவின் ஆக்சிஜன் அளவும் தீர்மானிக்கிறது. காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. இச்செல்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையிலோ ஏறத்தாழ 1 முதல் 4 விழுக்காடுதான். இக்குறைந்த அளவு, இச்செல்களுக்கு மூலமான குருதித் தண்டுச் செல்கள் ஓய்வு நிலையில் நீடிக்கத் துணைபுரிகிறது.

ஆக்சிஜன் மாற்றத்துக்கு ஏற்பச் செல்லை இயக்குவது எச்ஐஎஃப்-1 என்னும் புரதம். ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால் இதன் ஆல்ஃபா பகுதி சில நிமிடங்களில் சிதைக்கப்படும். ஆக்சிஜன் குறைந்தால் அது உட்கருவில் சேர்ந்து, ஆக்சிஜனின்றிக் குளுக்கோஸிலிருந்து ஆற்றல் பெற உதவும் மரபணுக்களைத் தூண்டும். இதனால் நியூட்ரோஃபில்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களின் ஆயுள் நீள்கிறது; மற்றொரு வகையான டி செல்கள் அழற்சியை வளர்க்கும் டிஎச்17 வகையாக மாறுவதும் கூடுகிறது.

செல்கள் ஆக்சிஜனை உணரும் முறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோர் 2019இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.