விதி எழுதிய வீடா?

ஏழை இடிந்த வீட்டில் வாழ்வது தலைவிதி என்பர் பழமை விரும்பிகள். ஒழுகும் கூரையும் ஓட்டைச் சுவரும் ஆண்டவன் எழுதியவையாம்! எழுதியவன் ஆண்டவனா, வீட்டுக்காரனா? வரலாற்றைப் புரட்டுவோம், தோழர்களே!

1865ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் மேரிலபோன் பகுதியில் ஒரு சந்து. பெயர் பாரடைஸ் பிளேஸ், அதாவது சுவர்க்கபுரி! உள்ளே இருந்ததோ நரகம். அங்கே மூன்று வீடுகளின் குத்தகையை 750 பவுனுக்கு வாங்கினார் கலை அறிஞர் ஜான் ரஸ்கின். நிர்வாகத்தை 26 வயது மங்கை ஆக்டேவியா ஹில்லிடம் ஒப்படைத்தார். ரஸ்கின் கேட்டது தருமமன்று. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு, அதாவது முப்பத்தேழரைப் பவுன். நியாயமான ஆதாயம் உண்டென்று மெய்ப்பித்தால்தான் பிறரும் முதலிட முன்வருவர் என்பது அவர் கணிப்பு.

ஹில் என்ன செய்தார்? வடிகாலைச் சீர்படுத்தினார்; உடைந்த சன்னல்களை மாற்றினார். வாரந்தோறும் தாமே சென்று வாடகை வாங்கினார்; பாக்கி வைக்க விடவில்லை. பெரிய குடும்பங்களுக்கு இரண்டாவது அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்தார். பழுதுபார்க்க ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கினார். அதில் மிச்சமானால், எந்த வசதி வேண்டுமென்று முடிவு செய்தவர்கள் குடியிருப்போரே! வேலையற்ற நாட்களில் அவர்களுக்கே பழுதுபார்க்கும் பணி தந்து கூலியும் கொடுத்தார். ஐந்து விழுக்காடும் தவறாமல் கிடைத்தது. விதி மாறிற்றா? இல்லை, நிர்வாகம் மாறிற்று!

ஆயினும் ஒரு குறை. வாடகை தராதவரை ஹில் வெளியேற்றினார்; நடத்தை சரியில்லை என அவர் கருதியவரையும் வெளியேற்றினார். நகராட்சியே வீடு கட்டித் தருவதை எதிர்த்தார். ஏழையின் கூரை ஒரு சீமாட்டியின் மனத்தைப் பொறுத்தே நின்றது. மனம் கல்லான வீட்டுக்காரன் வந்தால்?

வந்தான், 1915இல், கிளாஸ்கோவில். முதல் உலகப் போரில் ஆயுதத் தொழிலுக்குத் தொழிலாளர் குவிந்தனர். வீடோ போதவில்லை, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். ஆண்கள் பலர் போர்முனையில். மேரி பார்பர் என்ற இல்லத்தரசியின் பின்னே பெண்கள் திரண்டனர். வெளியேற்ற வந்த அதிகாரிகளைக் கண்டதும் மணியடித்துக் கூடினர்; மாவு உருண்டைகளால் வரவேற்றனர்! நவம்பருக்குள் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் வாடகை தர மறுத்தன. நவம்பர் 17 அன்று நீதிமன்றத்தின் முன் பெருங்கூட்டம். அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சிறு வீடுகளின் வாடகை, போர் தொடங்கிய 1914 ஆகஸ்டு நிலையிலேயே நிறுத்தப்பட்டது.

ஹில் காட்டியது, நேர்மையாகவும் ஆதாயம் பெறலாம் என்பதை. கிளாஸ்கோ பெண்கள் காட்டியது, அந்த நேர்மைக்குச் சட்டமே காவல் என்பதை. நாளை நம்மில் ஒருவரும் வீடு கட்டி வாடகைக்கு விடக்கூடும். அன்று பழுதுபார்ப்புக்குப் பணம் ஒதுக்குவோம்; அளவான ஆதாயம் கொள்வோம்; நிபந்தனைகளை எழுத்தில் தருவோம். குடியிருப்பவர் நம் கருணையில் வாழ்பவரல்லர். வாடகை தந்து உரிமையோடு வாழ்பவர்!